பத்தொன்பது தூண்களும் சூடான தேநீரும்

நம் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி பொஸ் கேட்டார். நாலு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் நான் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் தாக்குப்பிடித்திருக்கவே மாட்டேன். ஆகவே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஆறுதலாக வாசியுங்கள்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு அறிமுகம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் சேலைக் கடைக்கு மேலே, இப்போது நீங்கள் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும் அந்த அறையில் நான் ஒருவன் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். நான் வழக்கறிஞன் அல்ல. கோப்புத் தயாரிப்பேன், மொழிபெயர்ப்பேன், அழுகிறவர்கள் பக்கம் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவிடுவேன். ஆனால் கிங்ஸ்பரி வரை என் பெயர் தெரிந்திருந்ததற்குக் காரணம் வேறு. நற்சான்றுக் கடிதம் எழுதுவதில் என்னை வெல்ல ஆளில்லை. பங்குத்தந்தையோ, கோயில் தலைவரோ, நகைக்கடைக்காரரோ, கையெழுத்தை மட்டும் போட்டால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன். என் கடிதத்தை வாசித்தால் சம்பந்தப்பட்டவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிடும்.

அந்தத் தலைக்கனம் எனக்கு எங்கே குட்டு வாங்கித் தந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஆட்களின் பெயரையும் வீதியையும் மாற்றியிருக்கிறேன். ரோல்ஸ் என்று ஒரு பொரித்த தின்பண்டம் இடையில் வரும். அதை மாற்றவில்லை. ரோல்ஸ் சண்டை நடக்காத தேவாலயப் பங்கு லண்டனில் இல்லை, ஆகவே பயமில்லை.

ஒரு தை மாதத்தில் றெஜினா வந்தார். ஐம்பத்திரண்டு வயது, மன்னார்ப் பக்கம், நிமிர்ந்த நடை. பங்கில் அவரைப் பெருமைக்காரி என்பார்கள். ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் கேட்கும்போதெல்லாம் "எனக்கு நேரமில்லை" என்று மறுத்துவிடுவாராம். வந்தவர் சாமான் பையைத் திறந்து, வெங்காயத்தை எடுத்து என் மேசையில் வைத்து, அதற்குக் கீழேயிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார்.

"அண்ணை, இதை அழிச்சுத் தரவேணும்" என்றார்.

பொலிஸ் எச்சரிக்கைப் பத்திரம். கோர்ட்டுக்குப் போகாமல், 'ஓம், நான் செய்தது பிழைதான்' என்று ஸ்டேஷனிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களே, அது. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தியது. சாதாரண எச்சரிக்கை என்றால் சில வருடங்களில், வேலைக்கு எடுக்குமுன் பார்க்கும் டிபிஎஸ் குற்றப்பதிவுச் சோதனையில் தெரியாமல் போய்விடும். இது போகாது. ஏனென்றால் குற்றம் என்று எழுதியிருந்தது, பிள்ளையைக் கவனியாது விட்டது.

விஷயம் இதுதான். றெஜினா இவ்வளவு காலமும் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்தார். அது மூடப்பட்டுவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் நேர்சரிக்குத் தமிழ் தெரிந்த உதவியாளர் தேவைப்பட்டார். தலைமை ஆசிரியை இவரைக் கண்டதும் பிடித்துப்போய், டிபிஎஸ் பத்திரம் சுத்தமாக வந்தால் செப்டெம்பரில் சேரலாம், அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றுவிட்டார்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு நாலு வயது. காய்ச்சல். மருந்து வாங்க ஃபார்மசிக்குப் போனனான். அங்க பெரிய கியூ. திரும்பி வர நாப்பது நிமிசம். முந்தி எங்கட வீட்டில இருந்த ஆரோ ஒருத்தரைத் தேடிப் பொலிஸ் வந்திருக்கு. பிள்ளை கதவைத் திறந்திட்டுது."

"வீட்டில் வேறு ஆட்கள்?"

"அவர் ஷிப்டில. ஒருத்தரும் இருக்கேல்லை."

"ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?"

"வச்சா உடன வீட்டை போகலாம் எண்டு லோயர் சொன்னவர். பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லே?"

புறப்படும்போது இன்னொன்று சொன்னார். அந்தப் பிள்ளை ஷாலினிக்கு இப்போது இருபத்தொன்பது வயது. அவளுக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. "நான் அவளைப் பாராமல் விட்டனான் எண்டு ஒரு பேப்பர் இருக்கு. அதை அவள் வாசிச்சா நான் என்னெண்டு அவளின்ர முகத்தில முழிக்கிறது?" என்றார். தாய் ஏன் அடிக்கடி வழக்கறிஞரிடம் போகிறாள் என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? அந்த இடத்தில் நான் என் மூளையைப் பயன்படுத்தினேன். "உயில் எழுதுறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். இதன் பலனைப் பிறகு பார்ப்போம்.

சட்டம் பற்றி ஒன்றே ஒன்று. கோர்ட் தீர்த்த தண்டனையை இந்த நாட்டில் இலேசில் அழிக்க முடியாது. ஆனால் இப்படியான பொலிஸ் எச்சரிக்கையை, அது கொடுத்திருக்கக் கூடாதது என்று காட்டினால், பதிவிலிருந்தே நீக்கச் சொல்லிக் கேட்கலாம். குற்றமே நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். 'இவர் நல்லவர்' என்பது காரணம் ஆகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்தேன் பாருங்கள், அதுதான் விசேஷம்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தச் சிக்கலுக்கும் பெரிய மனிதர் நாலு பேரின் கையெழுத்து இருந்தால் காரியம் முடிந்துவிடும். நான் அந்த நம்பிக்கைக்குப் பிறந்தவன். பங்குத்தந்தை, பாடகர் குழுத் தலைவி, மளிகைக்கடை முதலாளி, இரண்டு டொக்டர்மார், றெஜினாவை ஒரே ஒருமுறை கலியாண வீட்டில் கண்ட ஒரு கவுன்சிலர் என்று பத்தொன்பது பேரைப் பிடித்தேன். பத்தொன்பது கடிதத்தையும் நானே எழுதினேன். பொலிஸ் தந்த பழைய குறிப்பு இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கத்தை வாசித்தேன், இரண்டாவதைப் புரட்டிப் பார்த்தேன், கோப்பில் செருகினேன். கடித வேலை கழுத்து மட்டும் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் பொலிஸிடமிருந்து மறுப்பு வந்தது. விண்ணப்பதாரர் மதிப்புக்குரியவர் என்பதை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் அன்றைய சம்பவம் பற்றிப் புதிதாக எதுவும் தரப்படவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் ஒரு ஊசி இருந்தது. கடிதங்கள் பலவற்றின் வாசகம் ஒன்றாக இருப்பதைக் கவனித்தோம் என்று.

பொஸ் பத்தொன்பது கடிதத்தையும் மேசையில் பரப்பினார். அவர் என் மகளின் வயது, இங்கேயே பிறந்தவர், என்னை அங்கிள் என்பார், திட்டும்போதும் அங்கிள் என்பார். ஒரு பச்சைப் பேனையால் ஒவ்வொன்றிலும் ஒரு வரியைக் கோடிட்டுக்கொண்டு போனார். 'றெஜினா எமது சமூகத்தின் தூண்.' பத்தொன்பதிலும் அதே தூண்.

"அங்கிள், ஒரு கொமியூனிட்டிக்கு எத்தினை தூண் வேணும்?" என்றார்.

"இது ஒரே தூண்தான்" என்றேன்.

"அப்ப பத்தொன்பது பேரும் ஏன் அதில போய்ச் சாஞ்சுகொண்டு நிக்கினம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறருடைய வாயில் என் சொல்லைத் திணித்திருக்கிறேன். அந்தப் பத்தொன்பது பேரில் நாலைந்து பேருக்காவது றெஜினாவைப் பற்றிச் சொல்ல உண்மையிலேயே ஏதும் இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் அந்தப் பொலிஸ் குறிப்பை எடுத்து, இரண்டாம் பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன். தாய் எவ்வளவு நேரம் வீட்டில் இல்லை என்று கணிக்க, அன்று வந்த கான்ஸ்டபிள் அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். நல்ல கண். மேசையில் பாதி குடித்த தேநீர், தாய் திரும்பி வந்த பிறகும் தொட்டால் சூடு என்று எழுதியிருந்தார். தாய் நாற்பது நிமிடம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை போலும். ஆனால் அவரே குறித்துவைத்த ஃபார்மசி ரசீதின் நேரமும் அதோடு ஒத்துப்போனது. நேரத்தில் றெஜினா பொய் சொல்லவில்லை.

சட்டத்தில் நான் அரைகுறை. தேநீரில் நான் நிபுணன். நாற்பது நிமிடத்துக்கு முன் வெளியே போன ஒருவர் குடித்த தேநீர் சூடாக இருக்காது. நாலு வயதுப் பிள்ளை தேநீர் போடாது. அந்த அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார்.

றெஜினாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு சொன்னன் தானே அண்ணை?"

"அப்ப தேத்தண்ணியை ஆர் குடிச்சது?"

"அது விடியப் போட்டது."

"பொலிஸ்காரன் தொட்டுப் பார்த்திருக்கிறான். சூடாம்."

அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளாமல் சும்மா இருந்தேன். பேச்சு வராத இடத்தில் நாங்கள் பேசி நிரப்பக் கூடாது, பிள்ளைகளே. எனக்கு அது மிகக் கஷ்டமான வேலை.

கடைசியில் சொன்னார். அது நாலு குடும்பம் குடியிருந்த வீடு. மேல் அறையில் பிலோமினா என்று ஒருவர். அன்று பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் றெஜினா மருந்துக்குப் போனார். பிலோமினாவுக்கு அப்போதுதான் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. திரைச்சீலைக்குள்ளால் பொலிஸ் தொப்பியைக் கண்டவர், தன்னைத்தான் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து, பிள்ளையை விட்டுவிட்டு மேலே ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டார். திரும்பி வந்த றெஜினாவுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. பொலிஸ் கேட்டபோது ஒருவரும் இல்லை என்றார். அதையே இருபத்தைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் உட்பட.

"அவவுக்கு இப்ப பேப்பர் எல்லாம் சரிதானே?" என்றேன்.

"ஓம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பார்க்கிங் ஊரில சொந்த வீடு."

"அப்ப அவவை வந்து சொல்லச் சொன்னால் என்ன?"

"நாங்கள் கதைக்கிறேல்லை" என்றார் றெஜினா. "பதினொரு வருசம்."

பங்குத் திருநாளுக்குப் பிலோமினா இருநூறு ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மிளகு கூடிப்போய்விட்டது என்று றெஜினா வாய்விட்டுச் சொல்ல, பாதித் தட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. அன்றோடு சரி. பூசையில் ஒருவர் முன் வாங்கில் உட்கார்ந்தால் மற்றவர் கடைசி வாங்கில்.

நான் போய்ப் பார்க்க றெஜினா சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தான் அனுப்பியதாகச் சொல்லக் கூடாதாம்.

"வேற ஆர் அனுப்பினது எண்டு சொல்ல? கர்த்தர் அனுப்பினவர் எண்டோ?"

அவர் சிரிக்கவில்லை. பிறகு, "சரி, என்ர பேரைச் சொல்லுங்கோ. கெஞ்சுறன் எண்டு மட்டும் சொல்லக் கூடாது" என்றார்.

இதற்கிடையில் உயிலின் பலன் வந்தது. ஷாலினி அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். "அங்கிள், ப்ளீஸ், உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவுக்கு கேன்சரா? ஏன் அவசரமா வில் எழுதுறா?" வாடிக்கையாளரின் விஷயத்தை நான் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் உயிலைக் கண்டுபிடித்தவனே நான்தான். "பயப்படாதை பிள்ளை, அம்மாட்டைக் கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். றெஜினா நாலு நாள் டொக்டரிடம் இழுபட்டு, இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டித்தான் தப்பினார். ஒரு ரகசியத்தைக் காக்க வாயை மூடினால் போதும். கதை கட்டிக் கொடுக்காதீர்கள். நான் அந்தப் பிள்ளையை ஒரு கிழமை நித்திரை இல்லாமல் பண்ணினேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

பிலோமினாவுக்கு அறுபத்தெட்டு வயது. பார்க்கிங்கில் அவர் வீட்டு முன்னறையில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னேன். திட்டி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். பையையும் மடியிலேயே வைத்திருந்தேன்.

"அவள் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

"மறைக்கல்விக்கு வரமாட்டன் எண்டு சொல்லுறது அந்தப் பேப்பராலதான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. சனம் அவளைப் பெருமைக்காரி எண்டுங்கள். நான் கேட்டுக்கொண்டு இருப்பன்." மாதா சுரூபத்தைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார். "ரோல்ஸ் எண்டு சொல்லுறது சும்மா. அவளைக் காண எனக்கு ஏலாமல் இருந்தது. கோவிக்க ஒரு சாட்டு கிடைச்சுது, பிடிச்சுக்கொண்டன்."

வாக்குமூலம் எழுதத் தொடங்கினோம். புறப்படுமுன் பொஸ் எச்சரித்திருந்தார், "அங்கிள், ஒரு தூண் வந்தாலும் உங்களை வேலையால நிப்பாட்டுவன்." நான் பிலோமினா சொன்னதை அப்படியே எழுதினேன். 'அவள் வாய்க்காரி. என்ர ரோல்ஸில மிளகு கூட எண்டு முழுப் பங்குக்கும் முன்னால சொன்னவள். அவளோட எனக்குப் பேச்சில்லை. ஆனால் அண்டைக்குப் பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போகேல்லை. என்னட்டைத் தந்திட்டுத்தான் போனவள். தேத்தண்ணி குடிச்சது நான். பிள்ளையை விட்டிட்டு ஓடினதும் நான்.'

"அக்கா, இந்த ரோல்ஸ் விஷயம் தேவையோ?" என்று மெல்லக் கேட்டேன். அழகான முன்னுரை ஒன்று என் மனதில் தயாராக இருந்தது.

"ஒரு சொல்லு மாத்தினாலும் கையெழுத்து வைக்கமாட்டன்."

மாற்றவில்லை. மொழிபெயர்ப்பிலும் ரோல்ஸ் ரோல்ஸாகவே போனது.

அனுப்புமுன் றெஜினா வாசித்துச் சம்மதிக்க வேண்டும். அலுவலகத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ரோல்ஸ் வரியில் நின்று, "மிளகு கூடத்தான்" என்றார். பிறகு கடைசி வரிக்குப் போனார். மறுபடி வாசித்தார். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"கடைசி வரியை எடுங்கோ அண்ணை."

"அதுதானே உங்களைக் காப்பாத்துற வரி?"

"பிள்ளையை விட்டிட்டு ஓடினவ எண்டு பொலிஸின்ர கம்பியூட்டரில அவவின்ர பேர் கிடக்கும். அறுபத்தெட்டு வயசு மனிசி. எனக்கு வேலை வேண்டாம், விடுங்கோ."

இருபத்திரண்டு வருடத்தில் என்னை இப்படி யாரும் மாட்டிவிடவில்லை. ஒருவர் ஒரு சொல்லையும் எடுக்கவிட மாட்டார். மற்றவர் அந்த ஒரு வரியோடு அனுப்பவிட மாட்டார். இரண்டு பேரும் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் இன்னும் ஒரேயொரு தவணைதான் காத்திருக்கும். பொஸ் கோர்ட்டில் இருந்தார், கேட்க ஆளில்லை. பிலோமினாமேல் பொலிஸ் எந்த நடவடிக்கையும் எடுக்கப்போவதில்லை என்று பொஸ் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுதிவைத்த வாசகம் ஒன்றும் இல்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"றெஜினா, நீங்கள் என்னட்டை அழிக்கச் சொல்லி வந்தது நடக்காத ஒண்டை. இது நடந்தது. இதை அழிக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. இருபத்தைஞ்சு வருசம் அவவுக்காக நீங்கள் சுமந்தியள். இண்டைக்குத் தன்ர பங்கைத் தா எண்டு அவ கேக்கிறா. குடுங்கோ."

அவர் அழுதார். நான் இந்த முறை பெட்டியைத் தள்ளினேன், எனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப ரோல்ஸும் இருக்கட்டும்" என்றார்.

ஓகஸ்ட் கடைசியில் பதில் வந்தது. விண்ணப்பதாரரின் நண்பர் அல்லாத ஒருவர் தனக்கே பாதகமாகத் தந்த வாக்குமூலம், அன்றைய குறிப்பில் உள்ள விபரத்தோடு பொருந்துகிறது, ஆகவே பதிவு நீக்கப்படுகிறது என்று இருந்தது. என் பத்தொன்பது கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்லது.

றெஜினாவை வரவழைத்து வாசித்துக் காட்டினேன். மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

"அப்ப இனி அது எங்கையும் இல்லையோ?"

"இல்லை."

"ஆரும் கேட்டா இல்லை எண்டு சொல்லலாமோ?"

"தாராளமா. பொய் இல்லை."

பள்ளிக்கூடத்துக்கு உடனே எழுதலாம் என்று நான் பேனையை எடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஷாலினி, வேலை முடிய நேர இஞ்ச லோயரிட்டை வா. ஓம், சுகமாத்தான் இருக்கிறன். உனக்கு நாலு வயசில நடந்த ஒண்டு சொல்ல வேணும். இவ்வளவு நாளும் பேப்பரில அவங்கள் எழுதினதுதான் இருந்தது. இனி நான் சொல்லலாம்."

போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, பிலோமினாக்காவின்ர நம்பரைத் தாங்கோ. அவவும் வரட்டும். நான் தனியச் சொன்னனெண்டா, அவவைக் காப்பாத்தத் திரும்பவும் பொய் சொல்லிப்போடுவன்."